ஏ-க்கும் பி-க்கும் நடுவில்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேதப்புத்தகத்தின் மேல் வலது கையை வைத்து, அதை ஒப்புக்கொள்ளாதவர்களுக்காக இடது கையை ஆற்றுகால் அம்மன் இருக்கும் திக்கில் நீட்டி, இரண்டும் போதாது என்பவர்களுக்காகச் சொந்தக் கண் இரண்டையும் ஈடு வைத்துச் செய்கிற சத்தியம். கூட்டிச் சொன்னது அரை வரி இருந்தாலும் சொன்ன நாக்கில் கொப்புளம் வரட்டும். இதைப் பலரிடம் சொல்லியாயிற்று. இதுவரை கொப்புளம் வரவில்லை.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம், எடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில், நேமத்தில் சத்தியநேசன் புதிதாகக் கட்டிக் குடியேறிய வீட்டுக்கு ஒரு மேசை வந்து சேர்ந்தது.

பழைய சர்க்கார் ஆபீஸ் ஒன்றை இடித்தபோது ஏலத்தில் போன மேசை அது. ஈட்டி மரம். இரண்டு பக்கமும் இழுப்பறைகள், நடுவில் கால் நீட்டிக்கொள்ள இருட்டாக ஒரு பொந்து. சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் விற்கும் கோலப்பன் அதை ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டி தெருமுனை திரும்பும்வரை மழையில் நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். விற்ற சாமானை எந்த வியாபாரியும் அப்படி நின்று பார்ப்பதில்லை. சத்தியநேசன் அதைத் தனக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

மேசை வாசலில் நுழையவில்லை. சத்தியநேசன் ஆசாரியைத் திட்டினான், கொத்தனாரைத் திட்டினான், மழையைத் திட்டினான், வாசலுக்கு அளவு கொடுத்தவனின் ஏழு தலைமுறையைத் திட்டினான். அளவு கொடுத்தது அவன்தான் என்று அவன் மனைவி எலிசாள் மெல்ல ஞாபகப்படுத்தினாள். அதற்காக அவளையும் திட்டினான். கடைசியில் கதவு நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே தள்ளினார்கள். முன்னறையில் பாதி அந்த மேசையாகவே ஆகிவிட்டது.

நனைந்த மரத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. கார்பன் தாள், டைப்ரைட்டர் ரிப்பன், மலிவான முகப்பவுடர், மூன்றும் கலந்த வாசனை. எலிசாளுக்கு அது பழக்கம். கல்யாணத்துக்கு முன்பு பாறசாலை டைப் இன்ஸ்டிட்யூட்டில் ஹயர் பரீட்சை பாஸாகும்வரை அந்த வாசனைக்குள்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மேசை அவள் வேலைக்காக வந்தது. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி. அமெரிக்காவில் டாக்டர்மார் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிந்து வைப்பதை, இங்கே காதில் கேட்டு அடித்து அனுப்ப வேண்டும். வீட்டில் இருந்தே செய்யலாம். கம்ப்யூட்டர் கம்பெனி தரும். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணமான பிறகு எலிசாளின் பெயருக்கென்று அந்த வீட்டுக்கு வந்த முதல் பொருள் அந்த மெஷின். அதன் பெட்டியை மடித்துப் பரணில் வைத்திருந்தாள். பெட்டியின் மேல் அவள் பெயர் இருந்தது, அதனால்.

ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சத்தியநேசன் மஸ்கட்டில் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டரும் ஊர்ப்பட்ட கோபமும் கொண்டு திரும்பியவன். காலையில் எழுந்ததும் யார் மேலாவது மனு எழுத வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை, மனு. வந்த தண்ணீர் கலங்கல், மனு. பஸ் நிற்கவில்லை, நின்ற பஸ்ஸில் கண்டக்டர் முறைத்தான், சபைக் கமிட்டி கணக்கு சரியில்லை, எல்லாவற்றுக்கும் மனு. அவனுக்கு டைப் தெரியாது. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவான். ஆகவே அவன் அறைக்குள் நடந்தபடி தமிழில் திட்டுவான். எலிசாள் அதை இங்கிலீஷில் அடிப்பாள்.

கம்பெனியிலிருந்து ஷைஜு என்கிற பையன் மாட்டிக் கொடுக்க வந்தான். மேசையைப் பார்த்தான், மிச்சமிருந்த தரையைப் பார்த்தான்.

"சேச்சி, ரெண்டு மேசை வேணும்னாக்கும் ரூல். இதில வேற மேசை எங்க கொள்ளும்? நான் ஒண்ணும் கண்டிட்டில்லை, கேட்டோ."

மேசையின் வலப்பக்கம் கம்பெனி மெஷின், இடப்பக்கம் வீட்டு மெஷின், நடுவில் ஒரே திரை, ஒரே கீபோர்ட். இரண்டுக்கும் இடையில் சோப்புப் பெட்டி அளவில் ஓர் இரும்புப் பெட்டி. அதன் முகத்தில் ஒரு திருகு.

"இங்கோட்டு திருப்பினா ஏ, அது ஆபீஸு. அங்கோட்டு பி, அது வீடு. ரெண்டுக்கும் தம்மில் ஒரு பந்தமும் இல்லை."

"நடுவில நிறுத்தினா?" என்று கேட்டாள் எலிசாள்.

"நடுவில ஒண்ணுமில்லை சேச்சி. வெறும் கறுப்பு."

பையன் படித்தவன். அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

காலையெல்லாம் ஏ. எலிசாள் காதில் ஹெட்போன் மாட்டி, காலடியில் ஒரு பெடலை வைத்துக்கொள்வாள். மிதித்தால் டாக்டரின் குரல் ஓடும், விட்டால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் பின்னோக்கிப் போகும். முழங்கால் வலிக்காரர்கள், மூத்திரக்கல்காரர்கள், இதயம் தாறுமாறாக அடிப்பவர்கள், கடல் தாண்டி வரிசையாக அவள் காதுக்குள் வந்து படுத்துக்கொள்வார்கள். உச்சை, அதாவது நடுப்பகல், திரும்பினால் பி. திருகை டக்கென்று சத்தியநேசனே திருப்புவான். அவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் திருப்புவான்.

"இஞ்ச பாருங்க, ஒரு வரி கூட இருக்கு."

"அமெரிக்காக்காரன் மூத்திரக்கல்லு ஓடிப் போகாது. நீ அடி. டு, தி எக்ஸிகியூட்டிவ் என்ஜினீயர். ஏலே களவாணிப்பயலே…"

எலிசாள் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று அடிப்பாள்.

அவளுக்குள் கோபம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இருந்தது. அரிசி களையும்போது விரல்கள் அரிசியை நெரிக்கும். துணி பிழியும்போது அவன் சட்டைக் கழுத்தை இரண்டு முறுக்கு அதிகமாக முறுக்குவாள். பகலெல்லாம் யார் யாரோ சொன்னதை அடித்து அடித்து, சொந்தமாக ஒரு வார்த்தை அந்தத் திரையில் வந்ததில்லை என்பது ஒருநாள் அவளுக்கு உறைத்தது. உறைத்த கையோடு மீன்சட்டியைத் தரையில் போட்டு உடைத்தாள். கை வழுக்கிவிட்டது என்று சொன்னாள்.

அந்த வாரம்தான் தப்பு நடந்தது.

ஒரு மழை மத்தியானம், அவன் திருகைத் திருப்பியதும் அவள் அடிக்கத் தொடங்கினாள். திருகு முழுக்கத் திரும்பாமல் ஏ-க்கே நழுவிப் போனதை இருவரும் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த காகிதத்தில், இடது காலில் நீர் கோத்த அறுபது வயது மூதாட்டி ஒருத்தி, பொதுமக்கள் வரிப்பணத்தில் கொழுத்து வருவதாகவும், அவளை உடனே காசர்கோட்டுக்கு இடமாற்றம் செய்ய வேண்டும் என்றும் இருந்தது.

ஷைஜு போனில் கூப்பிட்டான். அவன் குரலில் சிரிப்பில்லை.

"சேச்சி, மேலே உள்ளவங்க பயங்கர தேஷ்யத்தில இருக்காங்க. இனி ஒண்ணு வந்தா மெஷின் எடுத்துட்டு வரச் சொல்லியாச்சு."

போனை வைத்துவிட்டு எலிசாள் கணவனைப் பார்த்தாள்.

"நீ நோக்கி அடிச்சிருக்கணும்," என்றான் அவன்.

மறுநாள் முதல் அவள் திருகை ஏ-யில் வைத்து, மேலே தீப்பெட்டி அட்டையைச் செருகி, நகராதபடி இறுக்கினாள். அடித்ததை வரி வரியாக வாசித்தாள். டாக்டர் சொன்னதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை.

டிங்.

அவள் கையை எடுத்தாள். பழைய டைப்ரைட்டரில் வரி முடியும்போது அடிக்கும் மணி அது. வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. சத்தியநேசன் திண்டுக்கட்டையில் சாய்ந்து குறட்டை விட்டான்.

மறுபடி அடித்தாள். வரி முடிந்தது.

டிங்.

அந்தக் கீபோர்டில் மணி கிடையாது.

பவுடர் வாசனை எழுந்து வந்தது. எலிசாள் பெடலை மிதித்தாள். டாக்டரின் குரல் ஓடவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தாள். காலுக்கடியில் இருந்தது மெத்தென்று இருந்தது. குளிர்ந்திருந்தது. ஐந்து விரல்கள் இருந்தன.

அவள் மிதித்தது ஒரு பாதத்தை.

மெல்ல, மிக மெல்ல, அவள் தன் காலைப் பின்னுக்கு இழுத்தாள். பொந்துக்குள் அவள் முழங்காலை உரசி, கஞ்சி போட்ட சேலையின் சரசரப்போடு இன்னொரு முழங்கால் இடம் மாறி உட்கார்ந்தது. நெருக்கடியான பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி கொஞ்சம் ஒதுங்கி உட்காருவாளே, அந்தத் தோரணையில்.

குனிந்து பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

அன்று பிற்பகல் சத்தியநேசனின் மனுவை அச்செடுத்தபோது, அடியில் இடது ஓரத்தில் நான்கு எழுத்துகள் இருந்தன. டைப் படித்தவர்களுக்கு அது தெரியும். ஆபீஸ் கடிதங்களில் சொன்னவருடைய பெயரெழுத்தைப் பெரிதாகவும், அடித்தவருடைய பெயரெழுத்தைச் சின்னதாகவும் போடுவது பழைய முறை. பெரிய எழுத்தில் எஸ், என். சத்தியநேசன். சின்ன எழுத்தில் ஜி, பி.

எலிசாள் பெயரில் ஜி-யும் இல்லை, பி-யும் இல்லை.

"இது நான் போடல்லை," என்றாள்.

"பின்னே ஒனக்க அம்மையா போட்டா?"

அடுத்த தவணையாகக் கம்பெனிக்குப் போன காகிதங்களில், நோயாளிகளின் கதைகளுக்கு நடுவே, அவள் அடிக்காத ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது. *இது எனக்கு இட்ட வேலை. என் வேலை இல்லை.* இங்கிலீஷில், பிழையில்லாமல்.

ஷைஜு கூப்பிட்டான். நாளை உச்சைக்கு முன்னால் நிலுவையில் இருக்கும் குரல் முழுவதும் பிழையில்லாமல் வந்தால் சரி. இல்லையென்றால் பிற்பகல் ஆட்டோவோடு வருவதாகச் சொன்னான். "எனக்கு வேற நிவர்த்தி இல்லை சேச்சி," என்றான். பாவம், நல்ல பையன்.

எலிசாள் யாரிடமும் சொல்லாமல் கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறி, சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். கோலப்பன் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, உடையாத ஒன்றில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"மேசையத் திரும்ப எடுக்க மாட்டேன்," என்றார், அவள் வாயைத் திறக்குமுன்.

"நான் அதுக்கு வரல்லை அண்ணாச்சி. ஜி, பி யாரு?"

கோலப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நான் மேசையத்தான் வித்தேன், கேட்டியளா. கூட வந்தவியளுக்கு நான் பொறுப்பில்லை. ஞானபாய்னு ஒரு டைப்பிஸ்டம்மா. அந்த மேசையிலதான் இருப்பு. அவிய சூப்ரண்டு இருக்கானே, அவனுக்க சொந்தக் கடிதாசி, மச்சினனுக்க வழக்கு, மவளுக்க ஜாதகம், எல்லாம் அந்தம்மாதான் அடிக்கணும். ஆபீஸ் வேலை ஒரு கைக்கு, வீட்டு வேலை மறு கைக்கு. ஒருநாளு மேலிடத்துல இருந்து ஆளு வந்து நோக்கினா, மெஷின்ல ஜாதகம் இருக்கு. 'சர்க்கார் மெஷின்ல சொந்த வேலை செய்ய ஒனக்கு யாருட்டி அனுவாதம் தந்தா?'ன்னு கேட்டது யாரு தெரியுமா? அந்த சூப்ரண்டேதான்."

"வேலை போச்சா?"

"போச்சு. ஆனா போறதுக்கு ஓர்டர் வேணும்லா? அதை அடிக்க ஆபீஸ்ல வேற டைப்பிஸ்டு இல்லை." கோலப்பன் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மாவையே அடிக்கச் சொன்னான். தன்னை டிஸ்மிஸ் பண்ணுக ஓர்டரை, தானே. இவன் நின்னு சொல்லச் சொல்ல, கார்பன் வச்சு, ஒரு தப்பில்லாம அடிச்சு, உருவி அடுக்கி வச்சிட்டு, தலைய மேசையில சாச்சது. பிறவு தூக்கல்லை."

அழுகை வரும் என்று கோலப்பன் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அழுகை வரவில்லை. அவள் முகம் சிவந்து, மூக்கு விடைத்து, பல் கடிக்கும் சத்தம் வெளியே கேட்டது.

"அந்த சூப்ரண்டு இப்ப எங்க?"

"செத்தாச்சு அம்மா. நல்ல சாவு. அதுதான் அந்தம்மாவுக்க கோவம்னு தோணுது."

மறுநாள் காலை மழை விடாமல் பெய்தது. எலிசாள் மேசையில் உட்காருமுன் பொந்தைப் பார்த்து, "கொஞ்சம் ஒதுங்குங்க அக்கா," என்றாள். பெடலை வெளியே இழுத்து வைத்துக்கொண்டாள். அன்று மணி அடிக்கவில்லை. விரல்கள் ஓடின. பாதி வேலை தாண்டியது. மீதியும் உச்சைக்குள் முடிந்துவிடும்.

சத்தியநேசன் ஈரக் குடையோடு உள்ளே வந்தான். நேமம் சந்திப்பில் உச்சைக்கு ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம். கையில் மனு கொடுத்தாக வேண்டும்.

"எழும்பாதே. அப்படியே பி-க்கு மாத்து."

"இன்னைக்கு முடியாது. உச்சைக்கு முன்ன எனக்கு அனுப்பணும். இல்லைன்னா மெஷின் போச்சு."

"போனா போட்டும். பெரிய உத்தியோகம்! வீட்டுல இருந்து கண்டவன் இருமுறதையும் தும்முறதையும் அடிச்சிட்டு…"

அவன் தீப்பெட்டி அட்டையைப் பிடுங்கி எறிந்து, திருகைப் பிடித்து முறுக்கினான். அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறினான். அவள் முழங்கை மேசை விளிம்பில் மோதியது.

எலிசாள் எழுந்தாள். காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நீங்களே அடியுங்க," என்றாள்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குப் பழக்கம். அவள் கிணற்றடிக்குப் போய், மழையில் நின்று, உலக்கையை எடுத்து வாழைமரம் ஒன்றை அடித்தாள். குலை தள்ளாத மரம்தான்.

உள்ளே சத்தியநேசன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒற்றை விரலை நீட்டினான். திரை கறுப்பாக இருந்தது. முறுக்கிய வேகத்தில் திருகு ஏ-யிலும் இல்லை, பி-யிலும் இல்லை, நடுவில் நின்றது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது ஹெட்போனை. பகல் முழுக்க இவள் எவன் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்கு வெகுநாளாகவே ஓர் எரிச்சல் இருந்தது. எடுத்துக் காதில் மாட்டினான்.

மூச்சு விடும் சத்தம்.

பிறகு ஒரு பெண் குரல், காதோடு காதாக, மிகவும் மரியாதையாக.

"அடிங்க சார்."

கிணற்றடியில் எலிசாளின் கை நின்றது. மழைச் சத்தத்துக்கு மேலாக வீட்டுக்குள்ளிருந்து ஒரு சடசடப்பு வந்தது. டைப் தெரிந்த காது அவளுக்கு. பத்து விரலும் ஓடுகிற சத்தம். தன் வேகத்துக்கும் மேலான வேகம்.

டிங்.

அவள் உலக்கையோடு உள்ளே வந்தாள்.

சத்தியநேசன் நிமிர்ந்து, முதுகு வளையாமல், இன்ஸ்டிட்யூட் சுவரில் மாட்டிய படத்தில் இருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். விரல்கள் பத்தும் கீபோர்டில் பறந்தன. கண் திரையில். அந்தக் கண்ணில் மட்டும் அவன் இருந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரி வரியாக ஏறின.

*அனுமதியின்றிச் சொந்தக் காகிதங்களை அடித்த குற்றத்துக்காக…*

டிங்.

"எலிசா," என்றான். உதடு அசையாமல் வந்த குரல். "ஆஃப் பண்ணு."

அவள் வலது மெஷினின் பொத்தானை அழுத்தினாள். அதன் இரைச்சல் அடங்கியது. இடது மெஷினை அழுத்தினாள். அதுவும் அடங்கியது. திரையில் எழுத்துகள் ஏறிக்கொண்டே இருந்தன.

ஹெட்போனின் பஞ்சுக்குள்ளிருந்து குரல் கசிந்தது.

"கார்பன் வைக்கலையே சார். திரும்ப அடிங்க."

அவன் திரும்ப அடித்தான். வலது சுட்டுவிரலின் நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. மேசைக்கடியில் அவன் முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பொந்தில் இடம் போதவில்லை. வேட்டிக்கு மேல் ஈரமாக, சின்னதாக, வளையல் போட்ட ஒரு கை அழுந்திய தடம் தெரிந்தது. கை தெரியவில்லை. தடம் மட்டும்.

"எலிசா. அம்மா தாயே. அந்தத் திருகைத் திருப்பு."

எலிசாள் திருகைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

அடுக்களைக்குப் போனாள்.

அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள். இஞ்சி தட்டிப் போட்டாள். முன்னறையில் மணி அடித்தது, மறுபடி அடித்தது. தண்ணீர் கொதித்தது. வடிகட்டி, கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, வாசற்படியில் சாய்ந்து நின்றபடி குடித்தாள். அவள் சாயாவைச் சூடு ஆறுமுன் குடித்தது அந்த வீட்டில் அன்றுதான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு முன்னறைக்கு வந்து மேசையருகே குந்தினாள். பொந்தின் இருட்டைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா."

விரல்கள் நின்றன. சத்தியநேசன் மூச்சை இழுத்தான்.

"எனக்கு உச்சைக்கு முன்ன அனுப்பணும்."

மழை. பவுடர் வாசனை. இழுப்பறை ஒன்று தானாக ஒரு விரல் அகலம் திறந்து, தானாக மூடிக்கொண்டது.

இருட்டுக்குள்ளிருந்து, ஹெட்போன் இல்லாமலே, எலிசாளின் முகத்துக்கு நேரே குரல் வந்தது. மூச்சு சில்லென்று பட்டது.

"எத்தனை காப்பி?"

எலிசாள் ஒரு விரலைக் காட்டினாள்.

"ஒண்ணு மதி அக்கா."

டக். திருகு தானாக ஏ-க்குப் போய் நின்றது. வலது மெஷின் இரையத் தொடங்கியது. பெடல் தானாக அமுங்கியது. டாக்டரின் குரல் ஹெட்போனுக்குள் ஓட, வாழ்நாளில் ஒரு சொல்லைத் தப்பில்லாமல் எழுதியறியாத சத்தியநேசன், கல்லீரலையும் கணையத்தையும் எழுத்துக்கூட்டிக் கண்ணீர் வடிய அடித்தான். எலிசாள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, திரையை வாசித்தாள். கமா விட்டுப்போன இடத்தில் "கமா," என்றாள்.

அவன் போட்டான்.

அடியில் அடையாள எழுத்து விழுந்தது. பெரிதாக இ. சின்னதாக எஸ், என்.

உச்சைக்கு முன்னால் வேலை போய்ச் சேர்ந்தது. ஷைஜு ஆட்டோ பிடிக்கவில்லை. போனில் கூப்பிட்டுக் கூவினான்: "சேச்சி, மேலே உள்ளவங்க ஞெட்டிப் போயாச்சு! ஒரு தெற்றும் இல்லை!" நேமம் சந்திப்புக்கு வந்த அதிகாரி மனு எதுவும் வாங்காமல் நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு சத்தியநேசன் யார் மேலும் மனு எழுதவில்லை. தண்ணீர் கலங்கலாக வந்தால் தெளியவிட்டுக் குடித்தான். காலை சாப்பாடானதும் யாரும் கூப்பிடாமலே மேசைக்குப் போய் உட்காருவான். முதல் வாரங்களில் கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று பார்த்தான். கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. எலிசாள் அவனுக்கு விரல் வீக்கத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். மனைவி என்ற முறையில் அது அவள் கடமை. நிறுத்தச் சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை. மேசைக்கடியில் குரல் மெல்ல முனகுவது சில நாள் அவள் காதிலும் விழும். ஒருமுறை அது சிரித்ததாகவும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டு நேரத்தில் சத்தியநேசனின் பத்து விரலும் பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் ஓடும். ஒவ்வொரு அடி முடியும்போதும், ஆர்மோனியத்துக்கும் தாளத்துக்கும் சம்பந்தமில்லாமல், ஒரு சின்ன மணி அடிக்கும். பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் அந்த வரிசையே காலியாகிவிட்டது. காலி இடத்தில் பவுடர் வாசனை வீசும்.

மூன்று மாதம் முடிந்ததும் எலிசாளின் வேலை நிரந்தரமானது. கழக்கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம், நேமத்துச் சேச்சியைப் பார்த்துப் படியுங்கள், இடி மழையானாலும் அவருடைய வேலை ஒருநாள்கூடப் பிந்தியதில்லை என்று சொல்வார்களாம். ஷைஜு வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

அந்த வீட்டுக்கு முதன்முதலாக மின்சார இணைப்பு கிடைத்ததே மறுவருடம், ஓணம் கழிந்துதான்.